எக்ஸிட் பலகை கட்டாயமானது எப்படி? 146 மரணங்களும் பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்ணும்

ஆபீஸில் படிக்கட்டுக்குப் போகும் கதவின் மேல் எக்ஸிட் என்று ஒரு பலகை ஒளிர்ந்துகொண்டிருக்கும். சுவரில் தீயணைப்பான் தொங்கும், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று பக்கத்திலேயே ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கேன்டீன் பக்கம் போனால் பாதுகாப்பு விதிகளை அச்சடித்த போஸ்டர் ஒன்று கண்ணில் படும். எல்லாவற்றையும் தினமும் பார்க்கிறோம். ஒரு நாளாவது நின்று படித்திருக்கிறோமா என்றால், பெரும்பாலும் இல்லை.

இந்தப் பலகைகளை முதலாளிகள் தாமாக விரும்பி மாட்டிவிடவில்லை. மாட்டியே ஆக வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் பெரும்பாலான இடங்களில் அவை வந்தன. எழுத்து எத்தனை அங்குல உயரம் இருக்க வேண்டும், எந்தெந்த மொழிகளில் எழுத வேண்டும், எந்தக் கதவுக்கு மேல் மாட்ட வேண்டும் என்பதுவரை சட்டத்திலேயே சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் அந்தச் சட்டங்களுக்காக அலைந்தவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் பெர்கின்ஸ். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். 12 ஆண்டுகள் தொழிலாளர் துறை அமைச்சராக இருந்தவர். யார் இவர்? ஒரு சாதாரண அறிவிப்புப் பலகைக்காக இவ்வளவு போராட்டம் ஏன் தேவைப்பட்டது?

பிசிக்ஸ் படித்த மாணவி

1880 ஏப்ரல் 10 அன்று பாஸ்டனில் பிறந்தார் பெர்கின்ஸ். பெற்றோர் வைத்த பெயர் ஃபேனி கோராலி பெர்கின்ஸ். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வூஸ்டர் நகரில் அப்பாவுக்கு ஸ்டேஷனரி வியாபாரம். வசதிக்குக் குறைவில்லாத நடுத்தரக் குடும்பம். ஒருவர் ஏழையாக இருந்தால் அதற்குச் சோம்பேறித்தனமோ குடியோதான் காரணம் என்று நம்பிய சூழலில் வளர்ந்த பெண்.

மவுன்ட் ஹோலியோக் மகளிர் கல்லூரியில் அவர் எடுத்த முக்கியப் பாடம் இயற்பியல். கூடவே வேதியியலும் உயிரியலும். ஆனால் அவரைத் திசைதிருப்பியது பொருளாதார வரலாற்று வகுப்பு. பேராசிரியை மாணவிகளைப் பக்கத்து ஊர் மில்களுக்கு அனுப்பி, அங்கே வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்து எழுதச் சொன்னார். மெஷினில் கை போனால் அந்தக் குடும்பத்துக்கே சோறு போய்விடும் என்பதை பெர்கின்ஸ் அங்கேதான் முதலில் நேரில் பார்த்தார். குடியே தொடாத உழைப்பாளியும் ஒரே விபத்தில் தெருவுக்கு வந்துவிட முடியும் என்பது அவருக்குப் புரிந்தது.

1902-ல் பட்டம் பெற்ற பிறகு சிகாகோ அருகே ஆசிரியை வேலை. ஓய்வு நேரத்தில் ஏழைக் குடியேறிகள் மத்தியில் பணியாற்றிய ஹல் ஹவுஸ் என்ற சமூக நல மையத்தில் தொண்டு. பிரான்சிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டதும் இந்தக் காலத்தில்தான். பிறகு பிலடெல்பியா போனார். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, ஊருக்குப் புதிதாக வரும் இளம்பெண்களை ஏமாற்றும் புரோக்கர்களை அங்கே ஆதாரத்தோடு அம்பலப்படுத்தினார். 1910-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அதே ஆண்டு நியூயார்க் நுகர்வோர் சங்கத்தின் செயலாளர் ஆனார். நிலவறைகளில் இயங்கிய பேக்கரிகளுக்குள் இறங்கிப் பார்ப்பது, ஃபேக்டரிகளில் தீ பிடித்தால் தப்ப வழி இருக்கிறதா என்று ஆராய்வது, பெண்களின் வேலை நேரத்தை வாரத்துக்கு 54 மணி நேரமாகக் குறைக்கச் சொல்லி சட்டமன்ற உறுப்பினர்களைச் சந்திப்பது. இதெல்லாம்தான் அன்றாட வேலை. அப்போது அவருக்கு வயது 30.

1911 மார்ச் 25: அந்த 18 நிமிடங்கள்

அன்று சனிக்கிழமை. நியூயார்க்கின் வாஷிங்டன் ஸ்கொயர் பக்கத்தில் தோழி ஒருவரின் வீட்டுக்குத் தேநீருக்குப் போயிருந்தார் பெர்கின்ஸ். மாலை ஐந்து மணி ஆகப்போகிறது. தீயணைப்பு வண்டிகளின் சத்தம் கேட்டது. வெளியே ஓடி வந்தார்கள். சற்றுத் தள்ளி 10 மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் தளங்கள் எரிந்துகொண்டிருந்தன.

மேல் மூன்று மாடிகளில் இயங்கிய டிரையாங்கிள் ஷர்ட்வெய்ஸ்ட் நிறுவனம், பெண்களுக்கான மேல்சட்டைகளைத் தைத்துக்கொடுத்தது. வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் இத்தாலியிலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் வந்து குடியேறிய இளம்பெண்கள். பலருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

எட்டாவது மாடியில், வெட்டிய துணித்துண்டுகளைப் போட்டுவைக்கும் தொட்டியில் தீ பிடித்தது. அணைக்காமல் போட்ட தீக்குச்சியோ சிகரெட்டோ காரணமாக இருக்கலாம் என்பது விசாரணை அதிகாரிகளின் முடிவு. அங்கே புகைபிடிக்கக் கூடாது என்ற விதி இருந்தது. ஆனால் துணி வெட்டுபவர்கள் மறைவாகப் பிடிப்பது வழக்கம்.

எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்குப் போனில் தகவல் போனது. நடுவில் இருந்த ஒன்பதாவது மாடிக்கு யாரும் சொல்லவில்லை. தீயே வந்து சொன்ன பிறகுதான் அவர்களுக்குத் தெரிந்தது. ஒரு பக்கப் படிக்கட்டை நெருப்பு அடைத்துக்கொண்டது. இன்னொரு பக்கக் கதவு பூட்டியிருந்தது. துணி திருடிக்கொண்டு போகிறார்களா என்று வீட்டுக்குப் போகும்போது கைப்பையைச் சோதிக்க வேண்டுமாம். அதற்கு எல்லோரும் ஒரே வழியாக வெளியேறினால்தான் வசதி. அதனால்தான் அந்தப் பூட்டு.

வெளிப்புறத்தில் இருந்த இரும்பு ஏணி, ஓடி வந்தவர்களின் பாரம் தாங்காமல் பிய்த்துக்கொண்டு விழுந்தது. தீயணைப்புத் துறையின் ஏணி ஆறாவது மாடிக்கு மேல் எட்டவில்லை. லிஃப்ட் இயக்கியவர்கள் உயிரைப் பணயம் வைத்து மேலும் கீழும் போய் பலரைக் காப்பாற்றினார்கள். மீதிப் பேரில் பலர் ஜன்னலில் ஏறி நின்று, வேறு வழியில்லாமல் குதித்தார்கள். பெர்கின்ஸ் கீழே நின்று அதைப் பார்த்தார்.

ஏறத்தாழ 18 நிமிடங்களில் எல்லாம் முடிந்தது. 146 பேர் இறந்தார்கள். அவர்களில் 123 பேர் பெண்கள்.

சட்டம் ஏற்கெனவே இருந்தது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை நேரத்தில் ஃபேக்டரிக் கதவைப் பூட்டக் கூடாது என்ற சட்டம் அப்போதே நியூயார்க்கில் இருந்தது. கதவுகள் இயன்றவரை வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருந்தது. இந்த இயன்றவரை என்ற ஒரு சொல் போதாதா? இயலவில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமே.

நிறுவனத்தின் உரிமையாளர்கள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அந்த நேரத்தில் அவர்களுக்குத் தெரியும் என்பதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும் என்றது நீதிமன்றம். நிரூபிக்க முடியவில்லை. 1911 டிசம்பரில் இருவரும் விடுதலை ஆனார்கள். பின்னர் நடந்த சிவில் வழக்குகளில், 1914-ல் ஓர் உயிருக்கு 75 டாலர் என்ற கணக்கில் சமரசம் ஆனது.

அந்த வாரத்திலிருந்தே நகரம் கொதித்தது. பொதுமக்கள் சேர்ந்து பாதுகாப்புக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். அதன் செயலாளர் பொறுப்புக்கு பெர்கின்ஸின் பெயரைச் சிபாரிசு செய்தவர் முன்னாள் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட். குழுவின் அழுத்தத்தால் மாநில அரசு 1911 ஜூனில் ஃபேக்டரி விசாரணை ஆணையத்தை அமைத்தது. தலைவர் ராபர்ட் வாக்னர், துணைத் தலைவர் ஆல் ஸ்மித். இருவரும் அரசியல்வாதிகள். ஃபேக்டரிக்குள் என்ன நடக்கிறது என்பது அவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. அவர்களைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டும் வேலையை பெர்கின்ஸ் எடுத்துக்கொண்டார்.

வாக்னரைத் தவழவைத்த ஏணி

அறிக்கை எழுதிக் கொடுத்தால் படிப்பார்களோ இல்லையோ, கண்ணால் பார்த்தால் மறக்க மாட்டார்கள் என்பது பெர்கின்ஸின் கணக்கு. இரவு ஷிஃப்ட் முடிந்து விடியற்காலையில் தள்ளாடிக்கொண்டு வெளியே வரும் பெண்களைப் பார்க்க ஸ்மித்தை அழைத்துப் போனார். உணவைப் பதப்படுத்தி டின்னில் அடைக்கும் ஆலைகளுக்கு முன்னறிவிப்பு இல்லாமல் அதிகாலையில் போய் நின்றார்கள். அங்கே ஐந்து, ஆறு வயதுக் குழந்தைகள் உட்கார்ந்து பீன்ஸ் ஆய்ந்துகொண்டும் பட்டாணி உரித்துக்கொண்டும் இருந்தார்கள்.

வாக்னருக்கு அவர் வைத்திருந்தது வேறு பாடம். அந்தக் காலத்துப் பல ஃபேக்டரிகளில் சுவரில் சின்னதாக ஒரு துவாரம் இருக்கும். பக்கத்தில் ஃபயர் எஸ்கேப், அதாவது தீயிலிருந்து தப்பும் வழி என்று எழுதியிருக்கும். அப்படி ஒரு துவாரத்துக்குள் வாக்னரையே தவழ்ந்து போகச் சொன்னார். வெளியே செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. அதன் மேல் பனி உறைந்து கிடந்தது. இறங்கிப் போனால் தரைக்கு 12 அடி இருக்கும்போதே ஏணி முடிந்துவிடும்.

எழுதியிருப்பது ஒன்று, இருப்பது ஒன்று. சோதனைக்கு வரும் அதிகாரி எழுத்தைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போயிருப்பார். தொழிலாளியோ அந்த எழுத்தை நம்பி, நெருப்புக்குப் பயந்து அந்த வழியாக ஓடியிருப்பார். இப்படிப்பட்ட இடத்தில் பலகையே இல்லாமல் இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, பொய் சொல்லும் பலகை அதைவிட ஆபத்து. அதற்குப் பிறகு வந்த சட்டங்கள் ஒவ்வொரு அங்குலத்தையும் குறிப்பிட்டுச் சொன்னதற்கு இந்த அனுபவமே காரணம்.

பலகையில் என்ன எழுத வேண்டும்?

ஆணையம் முதல் ஆண்டிலேயே 1,836 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்தது. 222 பேரின் சாட்சியங்களைப் பதிவுசெய்தது. அதன் பரிந்துரைகளால் அடுத்த சில ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சட்டங்கள் வந்தன. தீயணைப்புப் பயிற்சி, உயரமான கட்டடங்களில் தானாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர், குப்பை போடத் தீப்பிடிக்காத தொட்டி என்று பட்டியல் நீளும். சுவரில் எழுத வேண்டியவையும் அதில் இருந்தன.

எக்ஸிட்: வெளியேறும் வழிகளுக்கு மேல் இந்தச் சொல்லைக் குறைந்தது 8 அங்குல உயர எழுத்தில் எழுத வேண்டும். இருட்டில் தெரிவதற்குச் சிவப்பு விளக்கும் வேண்டும்.

புகைபிடிக்கக் கூடாது: நுழைவாயில், லிஃப்ட், படிக்கட்டு, ஒவ்வொரு மாடியிலும் உள்ள அறைகள் என எல்லா இடத்திலும் இந்த நோட்டீஸ் இருக்க வேண்டும். மீறினால் என்ன தண்டனை என்பதும் அதில் இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் மட்டும் போதாது, அதிகாரிகள் சொல்லும் மற்ற மொழிகளிலும் எழுத வேண்டும்.

ஆள் எண்ணிக்கை: ஒரு மாடியில் எத்தனை பேர் வேலை பார்க்கலாம் என்ற கணக்கை அந்த மாடியிலேயே எழுதி வைக்க வேண்டும். அந்தக் கணக்கு படிக்கட்டின் அளவைப் பொறுத்தது.

இரண்டாவது விதியை இன்னொரு முறை படியுங்கள். இத்தாலிய மொழியும் இத்திஷ் மொழியும் பேசும் பெண்கள் நிறைந்த ஃபேக்டரியில் ஆங்கிலத்தில் மட்டும் எச்சரிக்கை எழுதி என்ன பயன்? தொழிலாளிக்குப் புரியாத எச்சரிக்கை முதலாளியைக் காப்பாற்ற மட்டும்தான் உதவும். இதை 1912-லேயே சட்டமாக எழுதியிருக்கிறார்கள்.

மூன்றாவது விதியும் சாமானியமானது இல்லை. மாடியின் எண்ணிக்கை சுவரில் இருந்தால், அதற்கு மேல் ஆள் சேர்த்தால் அங்கே வேலை பார்க்கும் யார் வேண்டுமானாலும் எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம். அதுவரை இன்ஸ்பெக்டருக்கு மட்டும் தெரிந்த விதி, இப்போது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் தெரியும்.

விட்டுக்கொடுத்ததும் பெற்றதும்

எல்லாவற்றிலும் பெர்கின்ஸ் நினைத்தது நினைத்தபடி நடந்துவிடவில்லை. 1912-ல் 54 மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது, அந்த உணவு ஆலைகளுக்கு விலக்கு வேண்டும் என்று அழுத்தம் வந்தது. ஒத்துக்கொண்டால் அங்கே வேலை பார்க்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்குப் பலன் இல்லை. மறுத்தால் யாருக்குமே பலன் இல்லை. பெர்கின்ஸ் ஒத்துக்கொண்டார். முதலில் கிடைப்பதை வாங்கிக்கொள்வது, பிறகு மீதிக்குப் போராடுவது என்ற அவருடைய பாணி அங்கிருந்து தொடங்கியது.

1913-ல் பால் வில்சன் என்பவரை மணந்தார். திருமணத்துக்குப் பிறகும் தன் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். 1916-ல் மகள் பிறந்தார். சில ஆண்டுகளில் கணவர் மனநோயால் பாதிக்கப்பட்டார். அவருக்கு வைத்தியம், மகளின் படிப்பு, வீட்டுச் செலவு எல்லாம் பெர்கின்ஸின் சம்பளத்தில்தான் ஓடின. இதை வெளியே பேசுவதை அவர் கடைசிவரை தவிர்த்தார்.

கவர்னரான ஆல் ஸ்மித், 1919-ல் அவரை மாநிலத் தொழில் ஆணையத்தின் உறுப்பினராக்கினார். 1929-ல் கவர்னராக வந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மாநிலத்தின் தொழிலாளர் துறையையே அவரிடம் ஒப்படைத்தார். ரூஸ்வெல்ட் அதிபரானதும் 1933-ல் அவரை மத்திய அமைச்சராக்க விரும்பினார். பெர்கின்ஸ் உடனே தலையாட்டிவிடவில்லை. குறைந்தபட்சக் கூலி, வேலை நேர வரம்பு, குழந்தைத் தொழிலாளர் தடை, வேலையிழப்புக் காப்பீடு, முதியோர் ஓய்வூதியம் என்று ஒரு பட்டியலை முன்வைத்தார். இதற்கெல்லாம் சம்மதம் என்றால்தான் வருவேன் என்றார். ரூஸ்வெல்ட் சம்மதித்தார்.

பட்டியலில் பெரும்பகுதி நடந்தது. 1935-ல் சமூகப் பாதுகாப்புச் சட்டம். 1936-ல் அரசு ஒப்பந்த வேலை எடுக்கும் நிறுவனங்களுக்குப் பாதுகாப்பு, சுகாதார நிபந்தனைகள். 1938-ல் குறைந்தபட்சக் கூலியையும் ஓவர்டைம் கணக்கையும் குழந்தைத் தொழிலாளர் கட்டுப்பாட்டையும் கொண்டுவந்த நியாயமான தொழிலாளர் தரங்கள் சட்டம். இந்த 1938 சட்டத்தின் விவரங்களைத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது அமெரிக்காவில் இன்றும் கட்டாயம்.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்துகளையும் அவர் விடவில்லை. பாறையைக் குடையும்போது பறக்கும் சிலிக்கா தூசு நுரையீரலைத் தின்னும் சிலிக்கோசிஸ் நோய் பற்றி 1936-ல் தேசிய மாநாடு ஒன்றைக் கூட்டினார். நெருப்பைப் பார்த்தால் யாரும் ஓடிவிடுவார்கள். தூசைப் பார்த்து யார் ஓடுவார்? அங்கே எச்சரிக்கை இன்னும் அவசியம்.

எதிர்ப்பும் இல்லாமல் இல்லை. ஒரு தொழிற்சங்கத் தலைவரை நாடு கடத்தவில்லை என்பதற்காக 1939-ல் அவரைப் பதவிநீக்கம் செய்யச் சொல்லி நாடாளுமன்றத்தில் தீர்மானம் வந்தது. அது எடுபடவில்லை. 1945-ல் அமைச்சர் பொறுப்பிலிருந்து விலகினார். கடைசிக் காலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1965 மே 14 அன்று, 85 வயதில் நியூயார்க்கில் காலமானார். அமெரிக்க அரசின் புதிய கொள்கைகள் எல்லாம் தொடங்கிய நாள் எது என்று கேட்டால், டிரையாங்கிள் எரிந்த நாளைத்தான் அவர் சொல்வார்.

அவருக்குப் பிறகு என்ன ஆனது?

அவர் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1970-ல் பணியிடப் பாதுகாப்புக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது. ஓஷா என்ற அமைப்பு உருவானது. பாதுகாப்பான இடத்தில் வேலை பார்ப்பது உரிமை, ஆபத்து இருந்தால் அதிகாரிகளைச் சோதனைக்கு அழைக்கலாம், புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சொல்லும் அதன் போஸ்டரை நிறுவனங்கள் ஒட்டியாக வேண்டும். வெளியேறும் கதவை உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்க முடிய வேண்டும். எக்ஸிட் என்று தவறாக நினைக்க வாய்ப்புள்ள கதவில், இது வழி அல்ல என்றும் எழுத வேண்டும். வாக்னர் தவழ்ந்த துவாரம் ஞாபகம் வருகிறதா?

அப்படியும் 1991 செப்டம்பர் 3 அன்று வட கரோலினா மாநிலத்தின் ஹாம்லெட் ஊரில், கோழி இறைச்சி ஆலை ஒன்றில் தீ பிடித்து 25 பேர் இறந்தார்கள். அங்கேயும் கதவுகள் பூட்டியிருந்தன. அந்த ஆலை இயங்கிய 11 ஆண்டுகளில் பாதுகாப்பு இன்ஸ்பெக்டர் ஒருவர்கூட உள்ளே வந்ததில்லை. டிரையாங்கிள் எரிந்து 80 ஆண்டுகள் கழித்து, அதே பூட்டு.

வாஷிங்டனில் தொழிலாளர் துறையின் தலைமைக் கட்டடம் 1980 முதல் பெர்கின்ஸ் பெயரைத் தாங்கி நிற்கிறது. மெய்ன் மாநிலத்தில் உள்ள அவருடைய குடும்பத்துப் பண்ணை வீடு 2024-ல் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. ஆனால் அவருடைய உண்மையான நினைவுச்சின்னம் இருக்கிறதா, இல்லையா என்பதை நீங்களே உங்கள் ஆபீஸில் சோதித்துப் பார்க்கலாம். செலவில்லாத வேலைதான்.

எக்ஸிட் பலகை காட்டும் கதவைத் தள்ளிப் பாருங்கள். திறக்கிறதா? படிக்கட்டில் பழைய நாற்காலியும் அட்டைப்பெட்டியும் அடைத்துக்கொண்டிருக்கின்றனவா? சுவரில் இருக்கும் எச்சரிக்கை, தரையைத் துடைக்கும் அக்காவுக்கும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் புரியும் மொழியில் இருக்கிறதா? அடுத்த முறை ஃபயர் டிரில் என்று மணி அடித்தால், நழுவி டீக்கடைக்குப் போகாமல் கடைசிப் படிவரை இறங்கிப் பாருங்கள். ஏணி தரையைத் தொடுகிறதா என்று தெரிந்துவிடும்.